பத்துப் பேர் வலது, ஒருவர் இடது

பூன் லே, சிங்கப்பூர்
27 ஜூன் 2024, வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. குலசிங்கம் அவர்களுக்கு,

அருளானந்தம் எழுதிக்கொள்வது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தங்கள் இரண்டு கண்களும் தெளிந்துவிட்டன, செய்தித்தாளின் சின்ன எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறீர்கள் என்று கேட்லின் சொன்னாள். மகிழ்ச்சி. ஆகவே இந்தக் கடிதத்தைப் படிக்க முடியவில்லை என்று நீங்கள் சொல்ல வழியில்லை. தங்கள் துணைவியார் குணவதி அம்மா, மாப்பிள்ளை மிதுனன், என் மகள் கேட்லின் எல்லாருக்காகவும் ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன். உங்களுக்காகவும் வேண்டிக்கொண்டேன், ஆனால் கடைசியில்தான். இங்கே நான் நலமாக இல்லை. என் மனைவி ரூபி மிகவும் நலம். என் பிரச்சினையே அதுதான்.

கையில் போன் இருக்கும்போது எதற்குத் தபால் என்று நினைப்பீர்கள். திங்கட்கிழமை காலை 7.12க்கு, உங்கள் கராத்தே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், முப்பத்து நான்கு பேர் பார்க்க, நீங்கள் இப்படி எழுதினீர்கள்: "வரும் சனிக்கிழமை முதல் புதியவர்களுக்கு ரூபி சொல்லிக்கொடுப்பார். அருளானந்தம் கடைசி வரிசையில் நிற்பார்." இரண்டே வாக்கியம். ஒரு வணக்கம் இல்லை, ஒரு காரணம் இல்லை, பெண் கொடுத்தவர் ஆயிற்றே என்ற ஒரு தயக்கம்கூட இல்லை. 7.15க்கு நான் குழுவிலிருந்து வெளியேறினேன். பிறகு என்ன வந்தது என்று ரூபியின் போனை வாங்கிப் பார்த்தேன். என்னிடம் படித்த பதினொரு பேரில் பத்துப் பேர் உங்கள் செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். இர்ஃபான் மட்டும் உயர்த்தவில்லை. ஒருவராவது என் பக்கம் இருக்கிறாரே என்று நான் சொன்னதற்கு ரூபி, "அவர் காலை ஷிப்ட். பஸ் ஓட்டிக்கிட்டே கட்டைவிரல் போட முடியுமா?" என்றாள். அவள் சொன்னது சரிதான், 9.40க்கு அவர் கட்டைவிரலும் வந்துவிட்டது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கராத்தே படிக்கிற ஒருவன் எந்த நாளிலிருந்து பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதி பெறுகிறான்? இதற்கு உங்கள் வகுப்பில் விதி இருக்கிறதா? இருந்தால் அது எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது? மார்சிலிங்கில் உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் அந்தக் கூடத்தின் சுவர்களை நான் மூன்று வருடம் நான்கு மாதமாகப் பார்த்துவருகிறேன். செருப்பை வெளியே விடவும், உள்ளே சாப்பிடக் கூடாது, கடைசியில் போகிறவர் மின்விசிறியை நிறுத்தவும். இந்த மூன்றுதான் அங்கே இருக்கின்றன. பெல்ட்தான் அளவு என்றால் நான் பிரவுன். ரூபி பச்சை, எனக்கு இரண்டு படி கீழே. காலம்தான் அளவு என்றால் அவள் எனக்குப் பதினொரு மாதம் கழித்துச் சேர்ந்தவள், அதுவும் டாக்டர் சர்க்கரை கூடுகிறது என்று பயமுறுத்திய பிறகு. வருகைதான் அளவு என்றால் நான் வராமல் போனது இரண்டே சனிக்கிழமை. ஒன்று பல் பிடுங்கிய நாள், மற்றது நீங்களே கூப்பிட்ட உங்கள் வீட்டு விசேஷம். இவை எதுவுமே அளவில்லை என்றால் எதுதான் அளவு? எழுத்தில் கொடுங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நான் சொல்வதில் ஒரு நிமிடம் முன்பின் இருந்தால் திருத்துங்கள். மே 5, ஞாயிறு, பிள்ளைகளின் புது வீட்டில் பகல் சாப்பாடு. உங்களுக்கு இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்துப் புரை எடுக்கப்போகிறார்கள், ஏழு சனிக்கிழமை வரமாட்டீர்கள், பத்து மணி வகுப்பை உங்கள் சீடர் ஹுசைன் பார்த்துக்கொள்வார், எட்டு மணிக்கு வரும் புதியவர்களை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நீங்கள்தான் பேச்சை எடுத்தீர்கள். அதற்கு முன் மூன்று தடவை நான் உங்களிடம் சொல்லிக்கொடுக்க வாய்ப்புக் கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும், "பாப்பம் சம்பந்தி" என்றீர்கள். அன்று நான்காவது தடவையாக, இருபத்திரண்டு விருந்தாளிகள் இருக்க, வாய் விட்டுக் கேட்டேன். நீங்கள் வடையைப் பார்த்தீர்கள். குணவதி அம்மாதான் ரசம் ஊற்றிக்கொண்டே, "என்னங்க, பொண்ணோட அப்பா வாய் விட்டுக் கேக்கிறார். சபையில இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். நீங்கள், "அடுத்த ஆளோட காலைப் பாக்கத் தொடங்கினாத்தான் சம்பந்தி, சொல்லிக்குடுக்கிற நேரம் வந்துதுன்னு அர்த்தம்" என்றீர்கள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, நீங்களே பாருங்க" என்றீர்கள். பெருமூச்சை நான் கவனித்தேன். ரசம் காரம் என்று நினைத்துவிட்டேன்.

காலைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஏழு சனிக்கிழமையும் வகுப்பு தொடங்குமுன் பதினொரு பேரையும் வரிசையாக நிற்கவைத்துக் கால்களைப் பார்த்தேன். நகம் வளர்ந்திருந்த நான்கு பேரை வெட்டிக்கொண்டு வரச் சொன்னேன். பஃபலோ ரோட்டில் பூக்கடை வைத்திருக்கும் பரமசிவத்துக்குக் குதிகால் வெடித்திருந்தது. களிம்பின் பெயரை எழுதிக்கொடுத்தேன். எந்த ஆசிரியர் இதைச் செய்வார்? நீங்கள் நாற்பது வருடத்தில் யாருடைய குதிகாலையாவது பார்த்திருக்கிறீர்களா?

மே 11, என் முதல் சனிக்கிழமை. பூன் லேயில் 6.35க்கு எம்ஆர்டி ரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, 7.31க்குக் கூடத்தில் இருந்தேன். எட்டு மணிக்கு வணக்கம் சொல்லி, கராத்தேயின் அடிப்படைகளைப் பற்றி முப்பத்தெட்டு நிமிடம் பேசினேன். நீங்கள் பேசவே மாட்டீர்கள் என்பது அவர்களுக்கு ஒரு குறையாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு முதல் கட்டா. இல்லாத எதிரியோடு, மாறாத அசைவு வரிசையில் போடும் அந்தச் சண்டையில் முதல் அசைவு இடது பக்கம் திரும்புவது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் கட்டா செய்துகாட்டும்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். மூன்று வருடமாக உங்கள் முதுகையே பார்த்திருக்கிறேன். படிக்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டுவது மரியாதை இல்லை என்பது என் எண்ணம். தவிர, சாங்கியில் முப்பத்தொரு வருடம் விமானங்களுக்கு வழிகாட்டியவன் நான். இரண்டு ஒளிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, வருகிற விமானத்தின் முகத்தைப் பார்த்தபடி நிற்பது என் வேலை. நகரும் விமானத்துக்கு முதுகைக் காட்டாதே என்பது அங்கே முதல் நாள் பாடம். ஆகவே பதினொரு பேரையும் பார்த்தபடி நின்றேன். "இடது" என்று சொன்னேன். என் இடது பக்கம் திரும்பினேன். நான் செய்தது நூற்றுக்கு நூறு சரி. பத்துப் பேர் என்னைப் பார்த்து, நான் போன பக்கமே, அதாவது அவர்களுடைய வலது பக்கம் திரும்பினார்கள். இர்ஃபான் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் போய்ப் பரமசிவத்தின் மேல் மோதினார்.

இந்த இர்ஃபானைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது. ஐம்பத்திரண்டு வயது, பேருந்து ஓட்டுகிறார், தடித்த கண்ணாடி. கராத்தே என்றால் முகத்தில் அடிபடும் என்று அவரே முடிவு செய்து, கூடத்தில் நுழையும்போதே கண்ணாடியைக் கழற்றிச் செருப்புக்குள் வைத்துவிடுவார். அன்று நான் கேட்டேன்.

"இர்ஃபான், எல்லாரும் ஒரு பக்கம் போறாங்க. நீங்க மட்டும் எங்க போறீங்க?"

"நீங்க இடதுன்னு சொன்னீங்க மாஸ்டர்."

"சொல்றதைக் கேக்காதீங்க, செய்றதைப் பாருங்க."

"கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது மாஸ்டர். அங்க வெள்ளையா ஒரு மூட்டை நிக்கிற மாதிரிதான் தெரியுது."

பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "பத்துப் பேர் தப்பு, நீங்க ஒருத்தர் சரியா? பஸ்ஸை இப்படித்தான் ஓட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர், "சாரி மாஸ்டர்" என்றார். அடுத்த சனிக்கிழமையும் இடது பக்கம்தான் போனார், அதற்கும் "சாரி மாஸ்டர்". நான் விடவில்லை. நான்கு சனிக்கிழமை அவரை இருபது நிமிடம் முன்னதாக வரச்சொல்லி, எதிரே நின்று, இரண்டு தோளையும் பிடித்து, எல்லாரும் போகிற பக்கம் திருப்பித் திருப்பிப் பழக்கினேன். முரண்டு பிடிக்கிற பெட்டி அலமாரியைத் திருப்புவதுபோல் இருந்தது. ஆறாவது சனிக்கிழமை எல்லாரோடும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பினார். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று அவர் தம் செலவில் பதினொரு பேருக்கும் எனக்கும் கறிபஃப் வாங்கிவந்தார். சுவரில் இருக்கும் விதிப்படி வெளியே நின்றுதான் சாப்பிட்டோம்.

இடையில் ஐந்தாவது சனிக்கிழமை, உங்கள் கறுப்பு பெல்ட் சீடர் ஹுசைன் தம் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டார். கதவருகே நின்று எங்கள் கட்டாவைப் பார்த்தார். "அங்கிள், இது வேற ஸ்டைலா?" என்று கேட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, "ஆமா, கொஞ்சம் என் ஸ்டைல்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். உங்களைப் பார்த்துப் பார்த்து அவரும் பேசாத மனிதராகிவிட்டார். அன்று அவர் இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை இருந்திருக்காது. அவரை ஏன் கடைசி வரிசைக்கு அனுப்பவில்லை?

ஜூன் 23, பெல்ட் தேர்வு. ஐந்து கிளப்புகள், அறுபத்து மூன்று வெள்ளை பெல்ட்டுகள், ஒரே அரங்கில், ஒரே எண்ணிக்கைக்கு முதல் கட்டா. நீங்கள் மேடையில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தீர்கள். "இச்சி" என்று அவர் முதல் எண்ணைச் சொன்னதும் ஐம்பத்திரண்டு பேர் இடது பக்கம் திரும்பினார்கள். நம் பதினொரு பேர் வலது பக்கம் திரும்பினார்கள். பரமசிவம் வேறு கிளப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு நேருக்கு நேராக நின்றார். அடுத்த எண்ணுக்கு இருவரும் முன்னால் வந்து குத்த வேண்டும். பரமசிவம் பாதியில் கையை நிறுத்தி, "சாரி சிஸ்டர், நீங்க முதல்ல போங்க" என்று வழிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர் அவர் முதுகில் மோதினார். மூன்றாவது எண்ணில் இரண்டு வரிசை முழுவதும், டெக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே தள்ளுவண்டி வந்ததுபோல், நகர முடியாமல் நின்றுவிட்டது. தேர்வாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். எந்த கிளப் என்று கேட்டார். நீங்கள் மெல்லக் கை தூக்கினீர்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை பார்த்தீர்கள். மறுபடி மாட்டிக்கொண்டீர்கள். கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். என்னால்தான் கழற்றினீர்கள் என்று குணவதி அம்மா ரூபியிடம் சொன்னதும் எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் நீங்கள் நேர்மையாகச் சொல்லுங்கள். பதினொரு பேரும் ஒரே மாதிரி தவறினார்கள். ஒரு கால்கூடப் பிசகவில்லை. ஏழே வாரத்தில் இப்படி ஒற்றுமையாகத் தவறு செய்யவைக்க ஒரு நல்ல ஆசிரியரைத் தவிர யாரால் முடியும்? மற்ற கிளப்காரர்கள் சரியான பக்கம் போனார்களே தவிர, ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி, பார்க்கச் சகிக்கவில்லை. இதையும் குறித்துக்கொண்டீர்களா? இல்லை.

பகல் மூன்று மணிக்கு மறுதேர்வு என்று தேர்வாளர் இரக்கப்பட்டார். அப்போதுதான் ரூபி உள்ளே வந்தாள். அவள் ஹுசைனின் பத்து மணி வகுப்பில் படிப்பவள். அன்று தண்ணீர்ப் போத்தல்கள் கொண்டுவந்து கொடுக்கத்தான் வந்திருந்தாள். பதினொரு பேரையும் நடைபாதைக்குக் கூட்டிப் போனாள். 12.20 முதல் 1.05 வரை நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிடத்தில் அவள் ஒரு முழுக் கட்டாகூடச் செய்துகாட்டவில்லை. பேசியது எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம் இருக்கும். அவர்களோடு வரிசையில் ஓர் ஆளாக, அவர்கள் பார்க்கும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொருவர் பக்கத்திலும் குந்தி, முழங்காலைத் தொட்டு, "இந்தக் காலா? ஆமா, இதேதான். இன்னொரு வாட்டி" என்றாள். அவ்வளவுதான். இதற்குப் பெயர் சொல்லிக்கொடுப்பதா? இதைத்தான் நீங்கள் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் முப்பத்தெட்டு நிமிடம் பேசியதைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கடைசியாக இர்ஃபானிடம் வந்தாள்.

"கண்ணாடியைப் போட்டுக்கங்க. யாரு வேணாம்னு சொன்னா?"

"யாரும் சொல்லலைக்கா. நானாத்தான்."

"முதல் நாள் எந்தப் பக்கம் போனீங்க?"

"இடதுதான் போனேன்கா. மாஸ்டர்தான் மாத்திவிட்டாரு. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டாரு."

ரூபி திரும்பித் தூணைப் பார்த்தாள். முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னைப் பல விதமாகப் பார்த்திருக்கிறாள். இந்த விதம் புதிது.

மூன்று மணிக்குப் பத்துப் பேர் தேறினார்கள். இர்ஃபான் தேறவில்லை. "இச்சி" என்றதும் அவர் எந்தப் பக்கமும் திரும்பாமல் நின்றார். இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கை போய்க்கொண்டே இருந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு குனிந்து வணங்கிவிட்டு வெளியே போய்க் காலணியை மாட்டிக்கொண்டார். ஜூலை 27 அன்று இன்னொரு தடவை வரலாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

ஒருவர் நின்றுவிட்டதற்கு நானா பொறுப்பு என்று அன்று இரவுச் சாப்பாட்டில் ரூபியிடம் கேட்டேன். ஆமாம் என்றாள். மீனுக்கு முள் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"முப்பத்தொரு வருஷம் பிளேனுக்கு எதிர்ல நின்ன மனுஷன். எதிர்ல நிக்கிறவங்களுக்கு இடது வலது மாறும்னு தெரியாமயா நின்னீங்க?"

"பிளேன்ல பைலட் இருந்தான். அவனுக்கு அவன் இடது எதுன்னு தெரியும். நான் வான்னு கூப்பிட்டா வருவான்."

"இங்கயும் ஒருத்தர் தெரிஞ்சுதான் வந்தாரு. நீங்கதான் அவரைப் பிடிச்சுத் திருப்பி விட்டீங்க."

இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டேன். மீன் நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை டெக்காவுக்கு ஆட்டிறைச்சி வாங்கப் போனவன், பஃபலோ ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிப் போயிருக்க வேண்டும். பரமசிவம் கடைவாசலில் மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாஸ்டர்! இந்த மாலையை எந்தப் பக்கம் தொங்கவிடணும்? நீங்க சொல்லுங்க, நான் எதிர்ப்பக்கம் போட்டுடறேன்."

மல்லிகைப்பூ வாங்க நின்ற மூன்று பெண்கள் சிரித்தார்கள்.

"மாஸ்டர்னு கூப்பிடாதீங்க பரமசிவம். என்னைப் பின் வரிசைக்குத் தள்ளிட்டாங்க."

"அது நல்லதுதானே மாஸ்டர். பின்னால நின்னா உங்களைப் பாத்து யாரும் கெட்டுப்போக முடியாது லா."

ஆட்டிறைச்சி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அறுபத்து நான்கு வயதில், தொப்பியும் காதடைப்பானும் போட்டு எத்தனையோ நாட்டு விமானங்களை நிறுத்தியவன், ஒரு பூக்கடை வாசலில் நிற்க முடியாமல் ரயில் ஏறினேன். இந்த அவமானத்தின் விலாசம் மார்சிலிங்.

சம்பந்தி அவர்களே, என் குற்றச்சாட்டு இதுதான். மே 5 அன்று நான் பெண்ணின் அப்பா என்பதற்காக, சபையில் மறுக்க முடியாமல், அந்த வகுப்பை என் கையில் கொடுத்தீர்கள். அன்று தகுதியைப் பார்க்கவில்லை. ஜூன் 24 அன்று தகுதியைப் பார்த்து எடுத்தீர்கள். அன்று சம்பந்தத்தைப் பார்க்கவில்லை. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் தயாராக இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், வடையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "நீங்க இன்னும் தயாராகலை" என்று அந்த இருபத்திரண்டு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். நான் கோபித்திருப்பேன். மூன்று மாதம் பேசாமல் இருந்திருப்பேன். இர்ஃபான் தேறியிருப்பார்.

ஆகவே என் கோரிக்கைகள். என்னை மீண்டும் புதியவர்களின் ஆசிரியராக நியமிக்க வேண்டும், இனி யாருக்கும் முகத்தைக் காட்டமாட்டேன் என்று எழுதித் தருகிறேன். முடியாது என்றால், ஒரு மாணவன் எப்போது சொல்லிக்கொடுக்கலாம் என்ற விதியை எழுதிச் சுவரில், மின்விசிறி அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். "கடைசி வரிசை" என்று எழுதியதை அதே குழுவில், அதே முப்பத்து நான்கு பேர் முன்னால், திரும்பப் பெற வேண்டும். ஜூலை 6ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால் உங்கள் கூடத்தில் நான் கால் வைக்க மாட்டேன். என் வீட்டுக்கு நான்கு நிறுத்தம் தள்ளி ஒரு டேக்வாண்டோ வகுப்பு நடக்கிறது. அங்கே சுவரில் விதிகள் நிறைய ஒட்டியிருக்கின்றன; போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

குணவதி அம்மாவுக்கு என் வணக்கம். அவரது ரசத்தின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மிதுனனுக்கும் கேட்லினுக்கும் என் ஆசீர். பெரியவர்கள் சண்டையில் அவர்கள் தலையிட வேண்டாம். உங்கள் கண்களை ஆண்டவர் காக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கட்டும்.

கோபத்திலும் மரியாதை குறையாத,
தங்கள் மருமகளின் தகப்பன்,
அருளானந்தம்

பி.கு. வெள்ளிக்கிழமை, 28 ஜூன், மாலை 6.20. உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, பகல் 2.40க்கு இதைப் பெட்டியில் போடப் பூன் லே பேருந்து முனையத்துக்குப் போனேன். காப்பிக்கடைக்குப் பின்னால் ஆளில்லாத இடத்தில் இர்ஃபான் சீருடையில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கோப்பை தே, முகத்தில் கண்ணாடி. இடது பக்கம் பாதி திரும்பினார், நின்றார். வலது பக்கம் பாதி திரும்பினார், நின்றார். என்னைப் பார்த்ததும், "நல்ல நேரத்துல வந்தீங்க மாஸ்டர். முன்னாடி ஒரு பக்கம்தான் சரின்னு தெரிஞ்சுது. இப்ப ரெண்டும் சரியாத் தெரியுது" என்றார். அவர் பஸ்ஸின் அடுத்த நடைக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. இடது என்று சொன்னேன். செய்துகாட்டுங்கள் என்றார். ரூபி செய்ததுபோலவே அவருக்கு இடது பக்கம், அவர் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இச்சி" என்றேன். அவர் இடது பக்கம் திரும்பினார். நான் வலது பக்கம் திரும்பினேன். ஏழு வாரம் பத்துப் பேர் கண் முன்னால் தப்பாகத் திரும்பியதைப் பார்த்துப் பார்த்து என் கால் அதைப் பிடித்துக்கொண்டது. மூக்கோடு மூக்கு இடித்து, தே முழுவதும் அவர் சட்டையில் கொட்டியது. "அய்யோ மாஸ்டர், உங்களுக்கும் வந்துடுச்சு!" என்றார். அவருக்குக் கோபமே இல்லை, கவலைதான். நான், "சாரி இர்ஃபான்" என்றேன். அந்த வார்த்தையை அவர் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் சட்டையோடுதான் அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

கடிதத்தைப் பெட்டியில் போடாமலே வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காதபோது நிலைக்கண்ணாடி முன் பதினாறு தடவை செய்துபார்த்தேன். ஒன்பது தடவை வலது. ரூபியிடம், காலைக் கொஞ்சம் பார் என்றேன். "வீட்ல வேணாம். நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க, புதுசா வந்தவங்களோட நில்லுங்க" என்றாள். ஆகவே மேலே உள்ள கோரிக்கைகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். விதி எதுவும் ஒட்ட வேண்டாம். கடிதத்தைக் கிழிக்கவில்லை, 27ஆம் தேதிக்கு அது உண்மை. உங்கள் கைக்கு இது வருவதற்குள் நான் கடைசி வரிசையில் நின்று முடித்திருப்பேன்.

இப்போதுதான் இர்ஃபானுக்குப் போன் செய்து, நாளை அவர் பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டேன். "நில்லுங்க மாஸ்டர். ஆனா எனக்கு வலது பக்கமா நில்லுங்க. நான் இடது போயிடுவேன், அப்ப நீங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்காது" என்றார். தாளில் படம் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.